டிரையர் வாயில் வைத்த பிஸ்டன்

பிஸ்டனுக்குள் இறுகிப்போன பின்னைக் கழற்றுவது எப்படி என்று எழுதித் தரச் சொல்லி பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து கேட்டிருக்கிறார்கள். மெக்கானிக்குகளின் சங்கம் ஒன்று ஆண்டு மலர் போடுகிறதாம். கேட்டவர் ஒரு காலத்தில் என்னிடம் வேலை பார்த்தவர். இப்போது சொந்தப் பட்டறை வைத்திருக்கிறார். அங்கே ஹைட்ராலிக் பிரஸ் இருக்கிறது. பின் வராவிட்டால் பிரஸ்ஸில் வைத்து அழுத்துவார். பிஸ்டன் உடைந்தால் புதுப் பிஸ்டன் வாங்கிவிடுவார். "உங்க காலத்துல பிஸ்டனை வேக வெப்பீங்களாமா, அதையக் கொஞ்சம் எழுதிக் குடுங்க சார்" என்றார். இட்லிப் பொடிக்குப் பக்குவம் கேட்கிற குரல்.

பக்குவம் சொல்லிவிடுகிறேன். பிஸ்டனையும் அதன் கீழே ஆடும் கனெக்டிங் ராடையும் சேர்த்து வைப்பது ஒரு எஃகு உருளை. கட்ஜன் பின் என்போம். அது பக்கவாட்டில் நழுவி வெளியே வராமலிருக்க இரண்டு முனையிலும் வளையக் கம்பி உண்டு. முதலில் அந்த வளையங்களை எடுக்க வேண்டும். சிரிக்க வேண்டாம். வளையத்தை எடுக்காமலே பின்னைச் சுத்தியலால் அடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலர் இந்த மலரையும் படிப்பார்கள். வளையம் உட்கார்ந்திருந்த பள்ளத்தின் ஓரத்தில் பிசிறு இருந்தால் சுரண்டி எடுக்க வேண்டும். பிறகு கொதிநீர். அலுமினியம் சூட்டில் எஃகைவிட அதிகம் விரியும். துளை அகலும், பின் அந்த அளவுக்கு அகலாது, கட்டைவிரலால் தள்ளினால் வந்துவிடும். புத்தகம் இத்துடன் முடிந்துவிடுகிறது. வராமல் போன ஒரு பின்னைப் பற்றித்தான் நான் எழுத வேண்டியிருக்கிறது.

நான் எருத்தேன்பதிக்காரன். பாலக்காட்டில் பாலிடெக்னிக், கோயமுத்தூரில் ஒரு பட்டறையில் அப்ரெண்டிஸ் என்று சில வருடங்கள் போயின. அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பாலிடெக்னிக்கில் எஞ்சினைத் தொடாமல் படித்தேன், பட்டறையில் படிக்காமல் தொட்டேன். எழுபதுகளில் இடுக்கி மலையில், போடிமெட்டுக்கு இந்தப் பக்கம், ஒரு தேயிலை எஸ்டேட்டில் உதவி இன்ஜினீயர் என்ற பெயரில் வேலை கிடைத்தது. ஏறிப் போன முதல் நாள் ஃபேக்டரி வாசலில் நின்றுகொண்டிருந்த ஒருவரிடம், "ஏனுங்க, ஒர்க் ஷாப்புக்கு எப்படீங்க போறது?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, "ஏலே, இங்க வந்து பாருங்கலே, ஒருத்தன் வார்த்தைக்கு வார்த்தை கும்பிடு போடுதான்!" என்று கூப்பிட்டார். நாலைந்து பேர் வந்து பார்த்தார்கள். கூப்பிட்டவர்தான் சுடலைமுத்து, அந்த ஃபேக்டரியின் டீ மேக்கர். பறித்த கொழுந்து வாடுவதிலிருந்து தூளாகிப் பெட்டியில் ஏறும்வரை அவர் பொறுப்பு. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து அந்த நாற்காலிக்கு வந்தவர் அந்த மலையில் அவர் ஒருவர்தான். அவர் அம்மா அப்போதும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். அவருக்குக் குவாட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். வீட்டுக்குள்ளேயே தண்ணீர்க் குழாய் உண்டு என்பதை விருந்தாளிகளிடம் குழாயைத் திறந்து காட்டித்தான் சொல்வார்.

என் மேலதிகாரி ராமநாதன் சார், எஸ்டேட் இன்ஜினீயர். கல்பாத்தி அக்ரகாரத்துக்காரர். நானும் பாலக்காடு அவரும் பாலக்காடு, ஆனால் நாங்கள் இருவரும் பேசினால் பக்கத்தில் நிற்பவர்கள் இருவேறு தேசத்தார் என்று நினைப்பார்கள். வெள்ளைச் சட்டையில் எஞ்சின் ரூமுக்கு வந்து வெள்ளைச் சட்டையிலேயே திரும்பிப் போவார். எஞ்சினைத் தொடுவதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைப்பார். எந்த வேலையையும் செய்வதற்கு முன் வாயால் சொல்ல வேண்டும். அதுதான் அவர் சட்டம். "சொல்லு, அப்பறம் தொடு" என்பார். ஸ்பேனரைக் கையில் பிடித்துக்கொண்டு, "இப்போ மூணாம் நம்பர் போல்ட்டைத் தளர்த்துறேன் சார்" என்று ஃபிட்டர் சொன்ன பிறகே ஸ்பேனர் திரும்பலாம். ஃபிட்டர் குருசாமிக்கு இது கழுவிலேற்றுவது போல. அவன் கைக்கு இருந்த வேகம் நாக்குக்கு இல்லை.

வண்டன்மேட்டு ஏலக்காய்த் தோட்டக்காரர் ஒருவரின் ஜீப் எஞ்சின் ஒரு முறை எங்களிடம் வந்தது. நான் பக்கத்து அறையில் இருந்தேன். திடீரென்று சுத்தியல் சத்தம். போய்ப் பார்த்தால் குருசாமி பிஸ்டனை வைஸின் இரும்புத் தாடையில் கடித்துப் பிடித்து, பின்மேல் ஒரு இரும்புத் தண்டை வைத்து அடித்துக்கொண்டிருந்தான். எனக்குப் பின்னால் சார் வந்து நின்றார். கத்தவில்லை. அவர் கத்தி யாரும் கேட்டதில்லை.

"குருசாமி, இந்தப் பிஸ்டன் உனக்கு என்ன துரோகம் பண்ணித்து?"

"வரமாட்டேங்குது சார்."

"எப்படி வரும்? வளையம் உள்ள இருக்கே. வாசல்ல தாழ் போட்டுட்டு ஆத்துக்காரனை வெளிய வாடான்னு அடிக்கறாய்."

அந்தப் பிஸ்டன் முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. தூக்கித்தான் போட வேண்டியிருந்தது. சார் அதைத் தன் மேஜைமேல் காகிதம் பறக்காமலிருக்க வைத்துக்கொண்டார். குருசாமி அந்த அறைக்குள் வரும்போதெல்லாம் சுவரைப் பார்த்துப் பேசினான்.

இனி அந்த மழைக்காலம். கொழுந்து கொட்டுகிற பருவம். காற்றில் மின்கம்பங்கள் சாய்ந்து கரண்ட் இல்லை. அதற்கென்றே ஃபேக்டரியில் இரண்டு டீசல் எஞ்சின்கள் இருந்தன. சின்னது டிரையரின் காற்றாடியை ஓட்டும். பெரியது கொழுந்தை உருட்டிப் பிசையும் ரோலர்களை ஓட்டும். பெரியது தட்ட ஆரம்பித்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளே யாரோ எச்சரிப்பது போல ஒரு டொக். ஒவ்வொரு சிலிண்டராக டீசலை நிறுத்திப் பார்த்தோம். மூன்றாவதை நிறுத்தியதும் சத்தம் நின்றது. கழற்றி வெளியே எடுத்தால், கனெக்டிங் ராடின் மேல் முனையில் பின்னைச் சுற்றியிருக்கும் வெண்கல புஷ் தேய்ந்து லொடலொடத்தது. காரணமும் கையிலேயே தெரிந்தது. கட்ஜன் பின் பிஸ்டனுக்குள் இறுகிவிட்டது. கருகிய எண்ணெய் அரக்குப் போல அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. பிஸ்டன், புஷ் இரண்டிலும் சுழல வேண்டிய பின் புஷ்ஷில் மட்டுமே சுழன்றால் அது தேயத்தானே செய்யும்.

புது புஷ் எங்களிடம் இருந்தது. புதுப் பிஸ்டன் இல்லை. கீழே சொல்லி அனுப்பினால் மலைப்பாதை திறந்த பிறகுதான் வரும். அதாவது இந்தப் பிஸ்டனில் கீறல் விழக்கூடாது, ஆனால் பின் வெளியே வந்தாக வேண்டும். பிஸ்டனை அமிழ்த்த எண்ணெய் காய்ச்சும் தொட்டியும் கரி உலையும் ஒர்க் ஷாப்பில் இருந்தன. ஒர்க் ஷாப்புக்கும் ஃபேக்டரிக்கும் நடுவே சாலை மண்சரிவில் போயிருந்தது. மண்மேல் ஏறி இறங்கி நாங்கள் கையில் கொண்டுவர முடிந்தது ஸ்பேனர்களும், புது புஷ்ஷும், அதன் துளையைச் சீவும் ரீமரும், குருசாமியின் தீ ஊதும் புளோ லேம்ப்பும்தான்.

மேல்மாடியில் கொழுந்து வாடிக் கிடந்தது. அதை அன்றைக்கே ரோலரில் போடாவிட்டால் குப்பை. சுடலைமுத்து மாடிப்படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார். இறங்கும்போதெல்லாம் கையில் ஒரு பிடி கொழுந்தைக் கொண்டுவந்து சாரின் மூக்குக்கு நேரே நீட்டுவார்.

"மோந்து பாருங்க சார். இன்னும் கொஞ்ச நேரத்துல இது மாட்டுக்குத்தான் ஆகும்."

"எனக்கு ஜலதோஷம் ஓய்."

பிஸ்டனை மண்ணெண்ணெயில் நன்றாகக் கழுவினோம். புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. வளையங்களை எடுத்தேன், பிசிறைச் சுரண்டினேன், இரண்டையும் வாயால் சொல்லிவிட்டே செய்தேன். ஸ்டாஃப் கேன்டீனிலிருந்து அண்டாவில் கொதிநீர் வந்தது. பிஸ்டனை மூழ்கவைத்து எடுத்து, தோல் கையுறையோடு தள்ளினேன். அசையவில்லை. மறுபடி வைத்து எடுத்து மரக்கட்டையை வைத்து உள்ளங்கையால் தட்டினேன். அசையவில்லை. குருசாமி புளோ லேம்ப்பைப் பற்றவைக்கத் தீப்பெட்டியை எடுத்தான்.

"அதை அணை" என்றார் சார்.

"இன்னும் பத்தவே வெக்கல சார்."

"வெக்காமயே அணை. ஒரு பக்கம் மட்டும் சூடு காட்டினா பிஸ்டன் கோணிண்டு போகும். சூடு எல்லாப் பக்கமும் ஒண்ணா ஏறணும். மெதுவா. தண்ணி நூறு டிகிரிக்கு மேல போகாது. நமக்கு அதுக்கும் மேல வேணும்."

இதைக் கேட்டுக்கொண்டு படியில் நின்ற சுடலைமுத்து, "சூடுதான வேணும்? எங்கிட்ட இருக்கு சார்" என்றார்.

டிரையரைச் சொன்னார். விறகு அடுப்பில் சூடான காற்று ஒரு பெரிய தகரக் குழாய் வழியாக டிரையருக்குள் போய், பிசைந்த இலையை உலர்த்தும். அடுப்பிலிருந்து வரும் காற்று அப்படியே போனால் தேயிலை கருகிவிடும் என்று வழியில் குளிர்ந்த காற்றைக் கலப்பார்கள். அந்த இடத்துக்கு முன்னால், அடுப்பின் வாயருகே, குழாயைச் சுத்தம் செய்ய ஒரு சின்னக் கதவு இருந்தது. அங்கே காற்று கொதிக்கும்.

"உள்ள இருக்கற டீ?" என்று கேட்டார் சார்.

"இப்போ ஓடுதது இறங்கிரட்டும். காலியா ஓட்டுதேன். உங்க வேலை முடிஞ்சதும் அடுத்தத ஏத்துதேன்."

சார் யோசித்தார். அவர் யோசித்ததை நான் பார்த்தேன், ஆகவே இதைச் சாட்சியாகவே எழுதுகிறேன். மண்ணெண்ணெய் வாடை போக பிஸ்டனைச் சோப்புத் தண்ணீரில் கழுவச் சொன்னார். துணியால் துடைக்கச் சொன்னார். தானே மோந்து பார்த்தார். என்னையும் மோந்து பார்க்கச் சொன்னார். ஒரு வாடையும் இல்லை. ஜலதோஷம் என்று சொன்னது விளையாட்டுக்குத்தான். ஆனால் பிஸ்டனைச் சுற்றி ரிங்குகள் உட்காரும் பள்ளத்திலும், எண்ணெய் வடியும் நுண்துளைகளிலும், கருகிய அரக்கின் அடியிலும் சோப்புத் தண்ணீர் போகாது. குளிர்ந்த பிஸ்டன் அதையெல்லாம் மூக்குக்குச் சொல்லவும் சொல்லாது.

கம்பிவலைமேல் வைத்துக் கதவை மூடினோம். எடுத்தபோது பிஸ்டன் பார்வைக்கு ஒன்றும் மாறவில்லை. கூரை ஒழுகி அதன்மேல் விழுந்த மழைத்துளி மட்டும் உருண்டு ஓடியது. சார் கடிகாரத்தைக் கழற்றிப் பையில் வைத்தார். கையுறையை மாட்டினார். "பின்னை இடமிருந்து வலமா தள்றேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மரக்கட்டையை வைத்து அமுக்கினார். முதலில் ஒரு சின்னச் சத்தம், காய்ந்த அரக்கு விடுகிற சத்தம். பிறகு வெண்ணெயில் கத்தி போவது போல அது வந்தது. முழுதாக, ஒரு கீறல் இல்லாமல். சுடலைமுத்து என் முதுகில் ஓங்கி அறைந்தார். குருசாமிகூடச் சிரித்தான்.

புது புஷ்ஷை அழுத்தி, பின்னுக்குச் சரியாக அதன் துளையைச் சீவி, பிஸ்டனைச் சுடுநீரில் வைத்து எடுத்து, அதே பின்னைக் கையாலேயே தள்ளி உள்ளே போட்டோம். வளையங்களைப் போட்டோம். அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே எஞ்சின் ஓடியது. டொக் இல்லை. மாடியில் கிடந்த கொழுந்து முழுவதும் ரோலருக்குப் போய், டிரையருக்குப் போய், தேயிலையாகியது. அன்று நாங்கள் செய்த வேலையில் இன்றைக்கும் நான் ஒரு குறை சொல்ல மாட்டேன். என் சங்கடமே அதுதான்.

கொச்சியில் தேயிலையை ருசி பார்த்துத் தரம் சொல்பவர்கள் உண்டு. அவர்களிடமிருந்து ஒரே வரி வந்தது. எண்ணெய் வாடை. அந்த நாள் தேயிலை முழுவதும் திரும்பிவிட்டது. பிஸ்டனின் இடுக்கிலிருந்த எண்ணெய் சூட்டில் புகைந்து டிரையருக்குள் படிந்திருந்தது. தேயிலைக்கு அப்படி ஒரு குணம். பக்கத்தில் என்ன வாசனை இருந்தாலும் வாங்கிக்கொள்ளும், திருப்பித் தராது.

மானேஜர் சுடலைமுத்துவைக் கூப்பிட்டுக் கேட்டார். லயத்துக்காரர்கள் மானேஜரை அப்போதும் துரை என்றுதான் சொல்வார்கள். அடுப்புக் குழாயில் ஓட்டை விழுந்து புகை கலந்திருக்கும் என்றார் சுடலைமுத்து. மானேஜர் குழாயை மாற்றச் சொல்லிவிட்டு அதோடு விட்டுவிட்டார். தகரக் குழாய், எந்த எஸ்டேட்டிலும் நடப்பதுதான்.

விஷயம் ராமநாதன் சார் காதுக்கு வந்தது. மறுநாள் காலையில் மானேஜரிடம் போய்ச் சொல்லப்போவதாக என்னிடம் சொன்னார். அதைச் சுடலைமுத்துவிடம் நான்தான் சொன்னேன். அவர் எஞ்சின் ரூமுக்கு ஓடிவந்தார்.

"சார், குழாய்ல ஓட்டைன்னு சொல்லிட்டேன். துரையும் சரின்னுட்டாவ. வருசா வருசம் ஓட்டை விழுத குழாய்தான். அது ஒண்ணும் பொய்யில்ல."

"இந்த வருஷம் விழுந்துதோ?"

"இன்னும் விழல. விழும்லா?"

நான் சிரித்துவிட்டேன். சார் சிரிக்கவில்லை.

"சுடலைமுத்து, பிஸ்டனை வெக்கச் சொன்னது நானாக்கும். தப்பு உம்ம தலையில எதுக்கு இருக்கணும்?"

"என் தலையில இல்ல சார் இப்போ. குழாய் தலையில இருக்கு. அங்கயே இருக்கட்டும்."

"நான் சொன்னா உமக்கு ஒண்ணும் வராது. முழுப் பொறுப்பும் நான் எடுத்துக்கறேன்."

"உங்களுக்கு ஒண்ணும் வராது சார். அது எனக்குத் தெரியும். உங்கள மாதிரி படிச்ச ஆளு இந்த மலையில வேற கெடையாது. என்னைய மாதிரி ஆளு லயத்துக்கு லயம் இருக்கான். டிரையர்ல பிஸ்டன் போச்சுன்னு தெரிஞ்சா துரை மொதல்ல கேக்கறது ஒண்ணுதான். கதவ யாரு தொறந்தான்னு."

சுடலைமுத்து போன பிறகு நான் மெதுவாக, "சார், யாருமே கேக்கலீங்களே, நாமளா எதுக்குங்க போய்ச் சொல்லோணும்?" என்றேன்.

"கேட்டா சொல்றதுக்குப் பேரு பதில்டா. நேர்மை வேற. மனசிலாச்சோ?"

மனசிலாயிற்று. வாதிட என்னிடம் ஒன்றுமில்லை. அன்றைக்கு இல்லாதது போலவே இன்றைக்கும் இல்லை. மறுநாள் காலை அவர் முகம் மழித்து, குடை பிடித்து, பங்களாவுக்கு ஏறிப் போனார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். அவருக்குச் சொல்லத் தெரியும், வாழ்நாளெல்லாம் சொல்லிவிட்டே தொட்டவர்.

மானேஜர் எழுந்து நின்று அவர் கையைக் குலுக்கினாராம். இப்படி ஒரு அதிகாரி கிடைத்தது எஸ்டேட்டின் பாக்கியம் என்றாராம். பிறகு சுடலைமுத்துவைக் கூப்பிட்டார். இன்ஜினீயர் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், முடியாது என்று சொல்வதற்குத்தான் டீ மேக்கர் இருக்கிறான், டிரையருக்குள் போவதற்கெல்லாம் அவன்தான் பொறுப்பு என்றார். அதோடு குழாய் என்று பொய் வேறு சொல்லியிருக்கிறான். சுடலைமுத்துவை ஃபேக்டரியிலிருந்து எடுத்து, தோட்டத்தில் கொழுந்து லாரிக்கு மேற்பார்வையாளராகப் போட்டார்கள். குவாட்டர்ஸும் போயிற்று. வேறு டீ மேக்கர் கோட்டயம் பக்கத்திலிருந்து வந்தார். அவர் வீட்டுக்காரி குழாயில் தண்ணீர் கலங்கலாக வருகிறது என்று புகார் செய்தாள்.

ராமநாதன் சார் மறுபடியும் மறுபடியும் பங்களாவுக்கு ஏறினார். தப்பு தன்னுடையது, தண்டனை தனக்கு வேண்டும் என்று கேட்டார். ஒவ்வொரு முறை கேட்டபோதும் மானேஜரிடம் அவர் மதிப்பு உயர்ந்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. அடுத்த வருடம் அவரை இன்னும் பெரிய எஸ்டேட்டுக்கு, பெரிய பதவிக்கு அனுப்பினார்கள். கிளம்புகிற அன்று லயத்துக்குப் போய்ச் சுடலைமுத்துவைப் பார்த்தார். என்னையும் துணைக்குக் கூட்டிப்போனார். சுடலைமுத்து எழுந்து நின்று வணங்கினார். உட்காரச் சொன்னார், காப்பி போடச் சொன்னார். எல்லா மரியாதையும் இருந்தது. சார் ஏதோ சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, மழையைப் பற்றிப் பேசினார். கெட்டவர் ஒருவர் இந்தக் கதையில் இருந்திருந்தால் எனக்கு இத்தனை வருடமாக எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

அவருக்குப் பிறகு எஞ்சின் என் பொறுப்பானது. மாலையில் கொழுந்து லாரி ஃபேக்டரி வாசலுக்கு வரும். சுடலையண்ணன் இறங்கி, மூட்டைகளை எடை போடும் இடத்தில் நிற்பார். படியேறி உள்ளே வரமாட்டார். யாரும் அவரைத் தடுக்கவில்லை, அவராக வரமாட்டார். கரண்ட் போய் எஞ்சின் ஓடும் நாட்களில், எடை முடியும்வரை கதவுக்கு வெளியே நின்று அதற்குக் காதைக் கொடுப்பார். நான் வெளியே வந்தால் கேட்பார்.

"எப்படிடே ஓடுது?"

ஒரு நாளாவது அது இருமியிருக்கலாம், புகை தள்ளியிருக்கலாம், ஏதாவது ஒரு குறையை நான் அவரிடம் கொண்டுபோய்ச் சொல்லும்படி செய்திருக்கலாம். நான் அந்த எஸ்டேட்டில் இருந்தவரை மூன்றாம் சிலிண்டரைத் திறக்கவே வேண்டி வரவில்லை.

"நல்லா ஓடுதுங்கண்ணா."

"ஓடணும்லா" என்பார். பிறகு காலிச் சாக்குகளை எடுத்துப் போட்டுக்கொண்டு லாரியில் ஏறுவார்.